டிப்போ மதிலுக்கு அந்தப் பக்கம்

டிப்போவில் அவருக்கு ஆமை என்று பேர். பேருந்தை அவ்வளவு நிதானமாக ஓட்டுவார். "ஆமைக்கு வாக்கப்பட்டாச்சு, அவசரப்பட்டா ஆகுமா?" என்று மனைவியே கிண்டல் செய்வாள். குடியிருப்பு டிப்போ மதிலை ஒட்டியே இருந்தது. காலையில் வண்டிகள் கிளம்பினால் புகை நேராக அடுப்படிக்கு வரும். அவளுக்கு இருபது வருஷமாக இளைப்பு, மருந்தில்தான் காலம் ஓடியது. இரவில் உட்கார்ந்தபடிதான் தூங்குவாள்.

தொற்று வந்தது, ஊரை அடைத்தார்கள். பேருந்து ஒன்றுகூட நகரவில்லை. பாதிச் சம்பளம், பக்கத்து வரிசையில் இரண்டு சாவு. இத்தனைக்கும் நடுவில் அவள் மட்டும் நன்றாக மூச்சு விட்டாள்! நீட்டிப் படுத்துத் தூங்கினாள். தண்ணீர் வாளியோடு மாடிப்படி ஏறினாள்.

"என்னங்க, சீக்கு விட்டுப் போச்சுங்க. இனிமே எதுக்கு அந்த மருந்து?"

அவரும் சரி என்றுவிட்டார். புகை நின்றதால் வந்த சுகம் என்று அந்த மனுஷனுக்கு ஏன் உறைக்கவில்லை? புகைக்குள்ளேயே கிடந்தவர்களுக்கு அது புகையாகவே தெரியாது, பாவம்.

டிப்போ திறந்த அன்று எல்லா வண்டியிலும் பேட்டரி படுத்துக் கிடந்தது. ஆளாளுக்குத் தள்ளித்தான் கிளப்பினார்கள்.

"கிளம்புன வண்டிய எவனும் அணைக்கக் கூடாது! பேட்டரி ஏறட்டும்!" என்று தலைமை மெக்கானிக் கத்தினார்.

மதிலோரம் முழுக்க வண்டிகள் உறுமின. மாசக்கணக்கில் கேட்காத சத்தம். ஆமைக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை, ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே சிரித்தார்.

மகள் ஓடி வந்தாள். "அப்பா! அம்மாவால மூச்சு விட முடியலப்பா! வண்டிய எல்லாம் நிறுத்தச் சொல்லுங்க!"

அவர் உடனே தன் வண்டியை அணைத்தார். மற்ற ஓட்டுநர்களைப் பார்த்துக் கைகளை ஆட்டினார், தொண்டை கிழியக் கத்தினார். அந்த இரைச்சலில் யார் காதில் விழும்? ஒருவர் பதிலுக்குக் கையசைத்துச் சிரித்தார். வீட்டில் மருந்தும் இல்லை. மனைவியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

சாயங்காலம்தான் அவளுக்குப் பேச்சு வந்தது. ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிவிட்டுப் பேசினாள்.

"உங்க வண்டி சத்தம் எனக்குத் தெரியும். நீங்க அணைச்சது கேட்டுச்சு."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"நாளைக்கு வேலைக்குப் போகணும்ல?"

"ம்."

வேலையை விட்டுவிடுகிறேன், வேறு வீடு பார்க்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. பாதிச் சம்பளத்தில் அரை வயிறு தின்ற குடும்பம் எந்த வீட்டுக்குப் போகும்?

"அழாதீங்க," என்றாள் அவள். "வீட்டுக்குப் போனதும் ஜன்னலை ஆணி அடிச்சு மூடிருங்க. எனக்குக் காத்தே வேண்டாம்."