ஒரு பீப் என்றால் சுகம்

கொம்பியூட்டர் திருத்துகிற தொழிலில் ஒரு நிம்மதி, நோயாளி பொய் சொல்லாது. பொய்யெல்லாம் கூட வந்தவர்தான் சொல்லுவார்.

பொத்தானை அமத்திவிட்டுக் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். திரையைத் தட்டினீர்கள். பின்னாலிருந்த வயரையெல்லாம் பிடுங்கித் திரும்பச் செருகினீர்கள். வீட்டில் அகப்பட்ட ஒருவரை ஏசினீர்கள். ஆனால் பெட்டி உங்களோடு பேசிக்கொண்டுதான் இருந்தது. எழும்பும்போது அது தன் உடம்பைத் தானே சோதித்துப் பார்க்கும். எல்லாம் சுகம் என்றால் ஒரேயொரு சின்ன பீப். சுகமில்லையென்றால் நீளமும் குறுக்கலுமாகப் பல பீப், அல்லது உள்ளுக்கு ஒரு சிவப்பு லைட். அதைக் கேட்டும் பார்த்தும் என்ன வருத்தம் என்று சொல்லுவதுதான் மன்னார் டவுனில் என் பிழைப்பு.

என் கதைகளில் பாதி பேசாலை அன்ரனுடையது. அன்ரன் வீடியோ எடுக்கிறவன். கலியாணம், பிள்ளைகளின் முதல்நன்மைப் பூசை, கோயில் திருநாள் எல்லாம் எடுப்பான். ஆனால் அவனை ஊர் தேடுவது செத்தவீட்டுக்குத்தான். பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்க, தாய் தகப்பன் இங்கே கண்ணை மூடுவார்கள். வரமுடியாத பிள்ளைக்கு அடக்கத்தை லைவ்வில் காட்டுவது அன்ரன். எந்தப் பெட்டி பழுதானாலும் பொறுத்துக்கொள்ளுகிற அவன், செத்தவீட்டு நாளில் மட்டும் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுவான். ஏனென்று ஒருநாள் கேட்டேன். "கலியாணத்தைத் திருப்பி எடுக்கலாம் அக்கா. அடக்கத்தைத் திருப்பி எடுக்கேலாது."

புதுப் படகு மாதிரி

பேசாலையில் ஆசீர்வதிக்காமல் புதுப் படகைக் கடலில் இறக்கமாட்டார்கள். அன்ரன் புதுக் கொம்பியூட்டர் வாங்கியபோது அதுவும் அவனுக்குப் படகுதான். விடுமுறைக்கு வந்திருந்த, குருவானவரான சொந்தக்காரச் சுவாமி ஒருவரைக் கூட்டிவந்தான். உள்ளுக்கு ஓடுகிற லைட்டுகளைச் சுவாமிக்குக் காட்டவேண்டும் என்பதற்காகப் பெட்டியின் பக்க மூடியைக் கழற்றிவைத்தான். சுவாமி நல்ல மனிதர். செபத்தைச் சொன்னார், தெளித்தார். ஆனால் அந்தக் கை முப்பதடிப் படகுக்குத் தெளித்துப் பழகிய கை.

அன்ரன் கூப்பிட்டு நான் போனபோது பொத்தானை அமத்த காற்றாடி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. பீப் இல்லை, திரை இல்லை. இது உள்ளுக்கு எங்கோ ஷோர்ட் அடிக்கிற அடையாளம். "தண்ணி கிண்ணி பட்டதா?" என்று கேட்டேன். "சத்தியமா இல்லை அக்கா" என்றான். குனிந்து பார்த்தால் போர்டில் துளித்துளியாக மின்னுகிறது. அவனுடைய மனைவி தலைமயிர் உலர்த்துகிற மெஷினை வாங்கி, பின்னேரம் வரை இருந்து உலர்த்தினேன். கடைசியில் ஒரு பீப் வந்தது. மூச்சு விட்டபிறகு அவனைப் பிடித்துக்கொண்டேன்: சத்தியம் பண்ணிப் பொய் சொல்ல வெட்கமில்லையா? அன்ரனுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "நான் ஏன் அக்கா பொய் சொல்லுறன்? அது தண்ணி இல்லை, தீர்த்தம்."

வாயால் அடித்த பீப்

விடத்தல்தீவிலிருந்து ஒரு சேர் போன் எடுத்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். கொம்பியூட்டர் எழும்பவில்லையாம், பீப் அடிக்கிறதாம். "நீளமா, குறுக்கலா சேர்?" என்று கேட்டேன். போனைப் பெட்டிக்குக் கிட்டப் பிடித்திருந்தால் முடிந்திருக்கும். சேர் அப்படிச் செய்வாரா? தொண்டையைச் செருமிவிட்டுத் தன் வாயாலேயே அடித்தார்: பீ...ப், பீப், பீப். ஒரு நீளம் இரண்டு குறுக்கல் என்றால் படம் காட்டுகிற கார்டில் பிழை என்று நான் சொல்லத் தொடங்க, பின்னாலிருந்து சேரின் மனைவி, "அப்பிடி இல்லை, எல்லாம் ஒரே அளவு" என்று தன் வாயால் அடித்துக்காட்டினார். சேர் திரும்ப அடித்தார். மனைவி இன்னும் பலமாக அடித்தார். கடையில் நின்ற சனம் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டது.

கடைசியில் இரண்டு பேரும் களைத்து வாயை மூட, நடுவில் உண்மையான சத்தம் எனக்குக் கேட்டது. அது கொம்பியூட்டரே இல்லை. பக்கத்தில் கிடந்த யூ.பி.எஸ், கரண்ட் நின்றால் கத்துகிற பற்றரி. "சேர், வீட்டில கரண்ட் இருக்கா?" என்றேன். மனைவி போனைப் பறித்துவிட்டார். "கரண்ட் நிண்டு எவ்வளவு நேரம் தங்கச்சி! நான் அப்பவே சொன்னனான். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேட்டவர் இவர்."

அழிறப்பர் வைத்தியம்

எங்கள் மன்னார்த் தீவில் கொம்பியூட்டர் வைத்திருப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை, உப்புக்காற்று எங்கேயும் பூரும். பெட்டிக்குள் மெமரி என்று ஒரு விரல் நீளத் துண்டு இருக்கிறது. அதன் பல்லில் உப்புப் பிடித்துக் கறுத்தால் பெட்டி நீளம் நீளமாகக் கத்திக்கொண்டே இருக்கும். எருக்கலம்பிட்டியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா ஒருவர் அப்படிக் கத்துகிற பெட்டியைத் துவாயால் மூடி, மடியில் வைத்துக்கொண்டு வந்தார். புதுசு வாங்கவேண்டும் என்று யாரோ சொல்லிப் பயப்படுத்தியிருக்கிறார்கள்.

துண்டைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கிற அழிறப்பரால் பல்லைத் தேய்த்து, திரும்பப் பூட்டினேன். ஒரு பீப். சுகம். நானா சந்தோசப்படுவார் என்று பார்த்தால் முகம் சுருங்கிவிட்டது. பெரிய வருத்தமென்று ஊர் முழுக்கச் சொல்லி, பள்ளிவாசலில் துஆவும் கேட்டுவிட்டு வந்தவர் அவர். "இதுக்கு அழிறப்பர்தான் மருந்தெண்டா, மூண்டாம் வகுப்புப் படிக்கிற எங்கட மகள் பெரிய டொக்டர் தங்கச்சி."

பிரான்சுக்குக் கேட்ட சத்தம்

திரும்பவும் அன்ரன். ஒரு செத்தவீட்டில் லைவ் நடுவில் கொம்பியூட்டர் நின்றுவிட, அவன் திரும்ப எழுப்பியிருக்கிறான். படம் நின்றாலும், வேறொரு சின்னப் பெட்டி வழியாக ஒலி மட்டும் பிரான்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் மௌனமாக முழங்காலில் நிற்கிற நேரம். மைக் பக்கத்தில். பெட்டி எழும்பி, ஒழுங்கான பிள்ளையாக, தான் சுகம் என்று ஒரு பீப் அடித்தது. பெட்டி திரும்பவும் நடுவில் நின்றுவிடக்கூடாதே என்று அன்ரன் இன்னொருக்கா நிறுத்தி எழுப்பினான். இன்னொரு பீப்.

அடுத்த நிமிசம் இறந்தவருடைய மூத்த மகன் பிரான்சிலிருந்து அன்ரனுக்குப் போன். "அண்ணை, அப்பாக்கு ஆஸ்பத்திரி மெஷின் பூட்டிக் கிடக்கோ? பீப் எண்டு கேக்குது. உயிர் இருக்கிற மனிசனை ஏன் பெட்டிக்குள்ள வைச்சனீங்கள்?"

சூசை அண்ணையின் செத்தவீடு

அந்த மானக்கேட்டுக்குப் பிறகு அன்ரன் என்னிடம் ஒரு சொல் கேட்காமல், பீப் அடிக்கிற சின்னக் குமிழை வயரோடு வெட்டி எறிந்துவிட்டான். அது எனக்குத் தெரியவந்தது சூசை அண்ணை செத்த அன்று.

சூசை அண்ணை வாழ்நாள் முழுக்கக் கடலுக்குப் போனவர். ஒரே மகள் றெஜினா கனடாவில். அவளுக்கு அங்கே இன்னும் விசா சரிவரவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போகமுடியாது. அவள் அன்ரனிடம் கேட்டது ஒன்றுதான்: சவப்பெட்டியை மூட முன் அப்பாவை ஒருக்கா முழுசாகப் பார்க்கவேண்டும். அவன் வாக்குக் கொடுத்தான். கொம்பியூட்டரை ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பந்தலுக்குள் பூட்டினான். அது எழும்பவில்லை.

நான் எதிர்க்காற்றில் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது சுவாமி வந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். போனில் காட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். காட்டினார்கள். அந்த நெரிசலில் கையை நீட்டி றெஜினாவுக்குக் காட்டியது பந்தல் துணியும் ஒரு மாமாவின் பிடரியும். தாயின் மடியில் கிடந்த போனுக்குள்ளால் அவளுடைய குரல் வந்துகொண்டே இருந்தது: "மூடிப்போடாதேங்கோ அம்மா. நான் இன்னும் காணேல்லை."

பொத்தானை அமத்தினேன். காற்றாடி ஓடுகிறது, முன் லைட் எரிகிறது, திரை கறுப்பு. காதைக் கொடுத்தேன். பீப் இல்லை. ஏன் இல்லை என்று அன்ரன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான். செத்தவீட்டில் சத்தம்போட்டு ஏசமுடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக ஏசினேன். பிறகு மேசைக்குக் கீழே பூந்து பக்க மூடியைக் கழற்றினேன். போர்டின் ஓரத்தில் வரிசையாக நாலு சின்ன லைட். மெமரிக்குரியது சிவப்பாக எரிந்தது. ஓட்டோ குலுக்கிய குலுக்கலில் துண்டு இளகியிருக்கவேண்டும். அமத்திப் பார்த்தேன், சரிவரவில்லை. கழற்றி மற்றத் துளையில் பூட்டித் திரும்பப் பொத்தானை அமத்தினேன். எனக்கு உண்மையில் பயம். இது பிழைத்தால் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு தரம் கிடையாது.

ஒப்பாரி வைத்த பெண்கள்கூட நிறுத்திவிட்டு மேசைக்குக் கீழே எட்டிப் பார்த்தார்கள். "பிள்ளை, இனி மூடவேணும்" என்றார் சுவாமி. "கொஞ்சம் பொறுங்கோ சுவாமி" என்றேன். சிவப்பு லைட் அணைந்தது. அடுத்ததும் அணைந்தது. பிறகு அன்ரன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. படம் வந்துவிட்டது.

சவப்பெட்டிக்கு மேலே உயரத்தில் கட்டியிருந்த கமரா சூசை அண்ணையைத் தலையிலிருந்து கால்வரை காட்டியது. கோட், கழுத்துப்பட்டி, கையில் செபமாலை, மினுக்கின கறுப்புச் சப்பாத்து. றெஜினா அழவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்லுவதுபோல மெதுவாகச் சொன்னாள். "அம்மா, அந்தச் சப்பாத்தைக் கழட்டிவிடுங்கோ. அப்பா ஒருநாளும் போட்டதில்லை, காலைக் கடிக்கும்."

எழும்பாத கொம்பியூட்டருக்குத்தான் என்னைத் தேடுவார்கள், எழும்பிவிட்டால் மேசைக்குக் கீழே ஒருத்தி குந்தியிருந்து மூக்கைச் சிந்துவதை ஒருவரும் பார்ப்பதில்லை, அந்தவகையில் இது மரியாதையான தொழில்தான்.