நீக்கிலாப்பிள்ளை சுற்றிய கம்பி

நீக்கிலாப்பிள்ளைக்குக் கதிரையில் முழுதாக இருக்கத் தெரியாது. நுனியில் குந்துவான், எழும்புவான், ஜன்னலால் எட்டிப் பார்ப்பான், திரும்பக் குந்துவான். கோயிலில் பிரசங்கம் தொடங்கினால் வாசலுக்கு வந்துவிடுவான். ஒருநாள் சலூனில் ஒரு பக்கம் வெட்டி முடிந்ததும், “பொறு, வாறன்” என்று கழுத்தில் கட்டிய துணியோடு தெருவைத் தாண்டித் தன் றேடியோக் கடைக்கு ஓடினான். ஈயம் ஒட்டுகிற அயர்னை நிற்பாட்டினேனா என்று சந்தேகமாம். நிற்பாட்டித்தான் இருந்தது. குருநகரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை.

நானும் சிரித்தவன்தான். அவனோடு ஒரே வாங்கில் படித்தவன், பிறகு எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர், என் பெயர் வின்சன்ற். அவனைப் பற்றிய பகிடிகளில் பாதி நான் கட்டியவை. ஆனால் அந்த ஆறு றேடியோக்களின் கதையை நான் பகிடியாகச் சொல்வதில்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு.

ஐம்பத்தாறாம் ஆண்டு சோதனையில் கோட்டை விட்டுவிட்டு, நீக்கிலாப்பிள்ளை யாழ்ப்பாணம் பட்டினத்தில் ஒரு கராஜில் வயர் வேலைக்குச் சேர்ந்தான். அந்தக் காலத்தில் இங்கே ஓடியதெல்லாம் மொறிசும் ஒஸ்ரினும். அந்தச் சீமைக் கார்களில் பற்றறியின் பிளஸ் வயரைக் காரின் உடம்போடு முடுக்கிவிடுவார்கள். லைற்றுக்கும் ஹோணுக்கும் போவது மைனஸ் வயர். பத்து வருஷம் அவன் கை அதையே செய்தது. பிறகு வந்த யப்பான் சாமான்களில் எல்லாம் தலைகீழ், மைனஸ்தான் உடம்பில். இது அவனுக்குத் தெரியாமல் இல்லை. கராஜை விட்டுச் சொந்தமாக றேடியோக் கடை போட்ட பிறகு நன்றாகவே தெரியும். ஆனாலும் கைக்குப் பழகியதைப் புத்தி எந்நேரமும் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா?

எழுபத்தெட்டில் அவன் தமையன் பேதுருவின் போட் எஞ்சின் நின்று, காற்றோடு இழுபட்டுப் போய்விட்டது. ஐந்து நாள். இந்தியக் கரையில் ஒதுங்கித்தான் ஆட்கள் தப்பினார்கள். அந்த ஐந்து நாளும் பேதுருவின் மனைவி அருமைநாயகி ஜெட்டியை விட்டு அசையவில்லை. சோறு கொண்டுபோய்க் கொடுத்தால் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்க ஊரில் ஒருவருக்கும் தைரியமில்லை. போட்டுக்குப் போட் கதைக்கிற றேடியோ வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் போட்டோம். நான் கடிதம் கடிதமாக எழுதி அனுமதி எடுத்தேன். கொழும்பில் வாடகைக் கார்களிலிருந்து கழற்றிய ஆறு பழைய செற் கிடைத்தது.

செற் பன்னிரண்டு வோல்ற்றில் வேலை செய்யும். போட்டில் இருப்பது இருபத்துநாலு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பலகை, அதாவது ஒரு சேர்க்கிட், கட்டவேண்டும். அவ்வளவுதானே, ஒரு கிழமை வேலை என்று நான் நினைத்தேன். நீக்கிலாப்பிள்ளை இரண்டு மாதம் அலைந்தான்.

முதலில், இரண்டு பற்றறியில் ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் என்ன என்றான். பின்னேரம் வந்து, “சரிவராது, அந்தப் பற்றறி முந்திச் செத்துப்போம், விடிய எஞ்சின் எழும்பாது” என்றான். பிறகு வோல்ற்றைக் குறைக்கிற நேரடிச் சேர்க்கிட் ஒன்றைக் கீறிக்கொண்டு வந்தான். நாலைந்து சாமான் போதும், மலிவு, இரண்டு நாளில் முடியும். அடுத்த நாள் அதையும் கிழித்தான்.

“அது ஒரு பக்கத்து வயரை அப்பிடியே மற்றப் பக்கத்துக்கும் விடும், மச்சான். எங்கடை ஆறு போட்டும் ஒரே மாதிரியே? நாலு யப்பான் எஞ்சின், ரண்டு பழைய சீமை எஞ்சின். ஒண்டிலை மைனஸ் உடம்பு, ஒண்டிலை பிளஸ் உடம்பு. எங்கையாவது இரும்பிலை இரும்பு பட்டால் என்ன செய்யிறது? ரண்டு பக்கமும் தொடாத சாமான் வேணும்.”

அதற்காகச் சிங்கப்பூர்க் கற்றலொக் ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்தான். அதில் கறுப்புப் பெட்டியாக, பூசி அடைத்து, ஆயத்தமாகவே வருகிறதாம். பற்றறிக் கரண்டை வெட்டி வெட்டி ற்றான்ஸ்போமர் வழியாகக் கடத்தி மறுபக்கம் புதிதாக எடுத்துத் தரும். நடுவில் கம்பித் தொடர்பே இல்லை. எத்தனை வோல்ற் உள்ளே, எத்தனை வெளியே, நடுவில் எவ்வளவு தாங்கும் என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தான். பென்சிலால் வட்டம் போட்டான், அழித்தான், வேறொன்றுக்கு வட்டம் போட்டான். கடைசியில் ஒன்றும் சரிவரவில்லை. சின்னப் பெட்டி கேட்கும்போது தாங்கும், கதைக்கிற பொத்தானை அமத்தினால் படுத்துவிடும். பெரிய பெட்டி வந்துசேர நாலு மாதம். “நானே சுத்திக் கட்டினால் என்ன?” என்று எழும்பி நடந்தான். ஆறுக்கும் கம்பி சுற்ற எத்தனை நாள் என்று கேட்டேன். ஒரு மாதம், கூடினால் ஒன்றரை என்றான்.

அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. கடல் கொந்தளிக்கிற வாடைக்காற்றுக்கு இன்னும் சில கிழமைதான் இருந்தது.

“உன்ரை அந்தரத்துக்கு முடிவே இல்லையடா! நீ கற்றலொக் பார்த்து முடிக்க நாங்கள் செத்துப்போவம். அந்த லேசான நேரடிச் சேர்க்கிட்டைக் கட்டு. முதல்லை உன்ரை அண்ணையின்ரை போட்டிலை பூட்டு” என்று கத்தினேன்.

அவன் கற்றலொக்கை மூடினான். இரண்டு நாளில் கட்டிக்கொண்டு வந்தான்.

அந்த அவசரத்தில் அவன் கை பழைய கராஜுக்குப் போய்விட்டது. பிளஸ் வயரை நேரே செற்றின் இரும்புடம்போடு சேர்த்துவிட்டான். பியூசும் போட்டிருந்தான், அதையும் சீமைக் கார் முறையில் மைனஸ் வயரில் போட்டிருந்தான். இரண்டு விதக் காரிலும் பூட்டக்கூடிய செற் என்பதால் மேசையில் வைத்துப் பார்க்கும்போது ஒரு குறையும் இல்லை. போட்டில் மரத் தட்டில் வைத்துப் பூட்டியபோதும் இல்லை. பேதுரு முதன்முதலாக, “ஹலோ, கேக்குதோ?” என்று கதைத்தபோது ஜெட்டியில் கைதட்டினார்கள். நான்தான் முதலில் தட்டினேன்.

மூன்றாம் நாள் நடுக்கடலில் அலை அடித்துத் தட்டின் ஆணி கழன்றது. செற் சரிந்து எஞ்சினில் சாய்ந்தது. எஞ்சின் யப்பான், உடம்பு மைனஸ்; செற்றின் உடம்பிலோ பிளஸ். வயர் முழுவதும் சிவந்து எரிந்தது. நெருப்புப் போன பாதையில் பியூஸ் இல்லை. பக்கத்தில் டீசல் கான். பேதுரு வேறு வழி பார்க்க நேரமில்லாமல் எரிகிற வயரை வலது கையால் பிடித்துப் பிடுங்கி எறிந்தார்.

ஆட்கள் தப்பினார்கள். போட்டும் தப்பியது. பேதுருவின் உள்ளங்கை வெந்துபோனது. ஆறியபோது இரண்டு விரல் மடங்கியபடியே நின்றது, கயிறு இழுக்கப் பிடி இல்லை.

சங்கக் கூட்டத்தில் எல்லோரும் செற்றைத் திட்டினார்கள். கொழும்புக்காரன் பழைய இரும்பைத் தலையில் கட்டிவிட்டான், திருப்பி அனுப்பு என்றார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. செற்றின் பிழை என்றால் நான் கத்தியது பிழையாகாதே. உள்ளதைச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். பேதுரு முன்வாங்கில் கையில் கட்டோடு இருந்தார்.

நீக்கிலாப்பிள்ளை ஜன்னலடியில் நின்றான். “செற்றிலை பிழையில்லை” என்றான். “பிழை என்ரை. கார் பழக்கத்திலை பிளஸை உடம்பிலை குடுத்திட்டன். பியூசையும் பிழையான பக்கம் போட்டிட்டன். அண்ணையின்ரை கையை எரிச்சது நான்.”

வாய் திறந்து, அவனை அவசரப்படுத்தியவன் நான் என்று சொல்லியிருக்கவேண்டும். சொன்னேன், ஆனால் அடுத்த கூட்டத்தில். பேதுரு எழும்பி, தம்பியின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

அதன் பிறகு அவன் யாரிடமும் கேட்கவில்லை. ஆறு பலகையும் புதிதாகக் கட்டினான். ற்றான்ஸ்போமருக்குக் கறுப்புப் பெரைற் துண்டில் கம்பியால் முதல் சுற்று, அதற்கு மேல் மெழுகுச் சீலை மூன்று மடிப்பு, அதற்கு மேல் இரண்டாம் சுற்று. ஒரு சுற்று எண்ணிக்கை தவறினாலும் முழுவதையும் அவிழ்த்தான். சுற்றி முடித்ததை உப்புத்தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, ஐஸ் பக்டரியில் இரவல் வாங்கிய மெகர் என்கிற மீற்றரின் பிடியைச் சுழற்றி, நடுவில் கசிவு உண்டா என்று பார்த்தான். பார்த்துவிட்டுத் தெருவால் ஒரு நடை நடந்து வந்து திரும்பவும் பார்த்தான். பிளஸ் உடம்பாகவும் மைனஸ் உடம்பாகவும் மாற்றி மாற்றிக் கொடுத்து, செற்றை இரும்பில் சாய்த்து வைத்தான். ஒன்றும் எரியவில்லை.

ஆனால் ஒருவரும் அதைப் போட்டில் ஏற்றவில்லை. “தம்பி கட்டினதை அண்ணன் ஏத்தாட்டி நாங்கள் ஏன் ஏத்தவேணும்?” என்றார்கள். நியாயமான கேள்வி. பேதுரு ஏற்றினால் ஆறு போட்டிலும் ஏறும், இல்லாவிட்டால் ஆறும் கடை அலுமாரியில் கிடக்கும். வாடையும் தொடங்கிவிட்டது.

நீக்கிலாப்பிள்ளை ஒவ்வொரு நாளும் தமையன் வீட்டுப் படலை வாசல் வரைக்கும் போவான். கையை வைப்பான், திரும்பி வந்துவிடுவான். என் வீட்டு வாசலால் பார்த்தால் தெரியும். சில நாள் மூன்று தரம். ஒருநாள் அருமைநாயகி படலையைத் திறந்துகொண்டு வந்து அவனை மறித்தாள். நானும் போய்ச் சேர்ந்தேன்.

“உவர் உம்மோடை கதைக்கமாட்டார். நான் கேக்கிறன், சொல்லும். புதுசு எரியுமோ?”

“எரியாது மச்சாள்.”

“அதைத்தானே முந்தியும் நினைச்சிருப்பீர்.”

அவன் அவர்களுக்கும் பக்கத்து வளவுக்கும் இடையில் இருந்த கிடுகு வேலியைத் தொட்டான். “மச்சாள், நீங்கள் உதுக்கு மேலாலைதானே பக்கத்து வீட்டுக்குக் கறி குடுக்கிறனீங்கள். கறி போகுது, சட்டி திரும்பி வருது. ஆனால் ஆள் தாண்டுறதில்லை. முந்திக் கட்டினதிலை வேலி இல்லை. இதிலை நான் வேலி போட்டிருக்கிறன். இந்தப் பக்கத்துச் சண்டை அந்தப் பக்கம் போகாது.”

அவள் வேலியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “எனக்குக் கரண்ட் தெரியாது. அந்த அஞ்சு நாள் தெரியும். அப்பிடி இன்னொருக்கா நிண்டால் நான் செத்துப்போவன்” என்றாள். உள்ளே போய்ப் புருஷனிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் மத்தியானம் பேதுரு ஆள் அனுப்பினார். போட்டுக்குப் போனபோது ஜெட்டியில் மற்ற ஐந்து போட்காரரும் நின்றார்கள். நீக்கிலாப்பிள்ளை பலகையைப் பூட்டினான், வயரைக் கொடுத்தான், செற்றைத் தட்டில் இறுக்கினான். எல்லாம் முடிந்ததும் பேதுரு கிட்ட வந்து, இடது கையை எஞ்சின் இரும்பில் வைத்தார். தோல் சுருங்கிய அந்த வலது உள்ளங்கையைச் செற்றின் உடம்பில் பதித்தார்.

“போடு” என்றார்.

இருபத்துநாலு வோல்ற் தொட்டவனை ஒன்றும் செய்யாது. எனக்குத் தெரியும், நீக்கிலாப்பிள்ளைக்குத் தெரியும். பேதுருவுக்குத் தெரியாது. அவர் அறிந்த கரண்ட் தன் கையை வேகவைத்த கரண்ட். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்.

“கையை எடண்ணை.”

“நீ போடடா.”

நீக்கிலாப்பிள்ளை சுவிச்சைப் போட்டான். சிவப்பு லைற் எரிந்தது, செற் இரைந்தது. பேதுரு கண்ணைத் திறந்தார். கையை எடுக்காமலே ஜெட்டிப் பக்கம் திரும்பி, “மற்ற அஞ்சையும் எடுத்துக்கொண்டு வாங்கோ” என்றார். எல்லோருக்கும் முன்னால் தம்பி குழந்தை மாதிரி அழுதான்.