உயர் அழுத்த ஆய்வாளர்

தீபாவளி விடுமுறைக்கு, மலேசியாவில் போர்டிக்சனை அடுத்த எங்கள் தோட்டத்துக்கு வருவதாகத் தெரிவித்ததும், கோயில் மண்டபத்தில் என் ஆய்வைப் பற்றிப் பேசும்படி செயற்குழுவினர் கேட்டனர். கைப்பேசிப் புலனக் குழுவில், அதாவது வாட்ஸ்அப்பில், இடுவதற்கான அறிவிப்பை வெளிநாட்டிலிருந்தே எழுதி அனுப்பினேன். ‘உயர் அழுத்த ஆய்வாளர் உரையாற்றுவார்.’ பிறமொழிச் சொல் ஒன்றும் கலவாத அந்த வரி எனக்கு மிகுந்த நிறைவளித்தது.

சனிக்கிழமை காலைப் பூசைக்குப்பின் மண்டபத்தில் நுழைந்தால், முன்வரிசையில் பலர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தனர். இருவர் மருத்துவ அட்டையும் வைத்திருந்தனர். உயர் அழுத்தம் என்றால் எங்கள் மக்களுக்குப் பொருள் ஒன்றே: இரத்தக் கொதிப்பு.

நான் உண்மையைச் சொன்னதும் சிரிப்பு எழுந்தது.

“அப்ப பிரஷர் டாக்டர் இல்லியா லா? இதுக்காக ரெண்டு நாளா கருவாட்டத் தொடல!” என்றார் ஓர் அம்மையார்.

சிரிக்காதவர் ஒருவர்தாம். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர், ஐம்பதைக் கடந்தவர். அறிவிப்பைக் கண்ட நாளிலிருந்து மாத்திரையை நிறுத்தியிருந்தார்.

“சாப்பிட்டா தலை சுத்துது தம்பி. கிளினிக்ல சொன்னா ஏசுவாங்க. நீங்க வந்து வேற எழுதுவீங்கன்னு இருந்தேன்.”

அன்று நண்பகலில் அவர் சுமையோடு ஆலைக்குச் செல்ல வேண்டும். உரையைத் தள்ளிவைத்துவிட்டு, மருத்துவரிடம் போகலாம் என்று அழைத்தேன். அவர் அசையவில்லை.

“நீங்க என்னா டாக்டரு?”

“இரும்ப நசுக்குற டாக்டர், அண்ணே.”

இரண்டு வைர முனைகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத அளவு இரும்புத் துகளை வைத்து, திருகுகளை முடுக்கி நெருக்குவோம். லேசர் ஒளியால் சூடேற்றுவோம். உருகி ஓட வேண்டிய சூட்டிலும், நெருக்கத்தின் மிகுதியால் அது திடமாகவே நிற்கும். பூமியைப் போன்ற பாறைக்கோள்களின் நடுவே இரும்பு எந்நிலையில் இருக்கும் என்பதை அத்துகளைக்கொண்டே அறிகிறோம். இவ்வளவையும் அவருக்கு நின்றபடியே சொன்னேன்.

“வைரம் தாங்குமா?”

“தாங்கும். ஒரு நாளு சும்மா இருக்கிற மாதிரியே இருந்து வெடிச்சிரும்.”

“முன்னாடியே தெரியாதா?”

“பாத்தா தெரியாது. அதனால அளக்காம ஒரு திருகுகூடத் திருப்ப மாட்டோம்.”

அவர் தம் கையைச் சிறிது நேரம் பார்த்தார்.

“சரி, காரை எடுங்க. ஆனா அந்த நர்ஸ் ஏசுனா நீங்கதான் வாங்கிக்கணும்.”

ஏச்சு இருவருக்கும் சமமாகக் கிடைத்தது. கருவி காட்டிய எண்ணைக் கண்ட மருத்துவர் உடனே ஒரு மாத்திரை கொடுத்தார். தலைசுற்றல் தராத வேறு மருந்தும் எழுதினார். எண் இறங்கும்வரை அங்கேயே அமரவைத்தார். அந்த வாரம் லோரியைத் தொடக்கூடாது என்றும் கண்டித்துச் சொன்னார்.

“இப்ப வேலயில்ல தம்பி,” என்றார் லோரிக்காரர், நாற்காலியில் சாய்ந்தபடி. “அந்த இரும்புக் கதையோட மிச்சத்தச் சொல்லுங்க.”

மண்டபத்துக்கென ஆயத்தம் செய்த உரையை, ஒரு வரியும் விடாமல், அங்கே நிகழ்த்தினேன்.