கம்பத்துக்கு மேலால்

ஞாயிறு பூசை முடிந்தால் இங்கே இத்தாலியில் எங்கள் மாதா கோயில் பங்கு ஆட்கள் ஒரேத்தோ ஆற்றுப் பக்கத்து மைதானத்தில் உதைபந்து விளையாடுவார்கள். பெனல்டியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தால் போச்சு. பந்து கம்பத்துக்கு மேலால், மதிலுக்கும் மேலால் பறந்து யாரோ ஒருவருடைய பால்கனியில் விழும். இவர் அடித்த பந்தைத் தேட விமான நிலையத்துக்குப் போகவேண்டும் என்று பகிடி பண்ணுவார்கள்.

மாதா திருநாள் இறுதி ஆட்டத்திலும் அப்படித்தான் அடித்துத் தோற்கடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் கிழமை முழுக்க நின்று முறிகிற மனுசன், கிடைக்கிற ஒரு ஞாயிறிலும் போய் ஏச்சு வாங்கவேணுமா?

அன்று பக்கத்து மைதானத்தில் தலைக்கவசம் போட்ட இத்தாலியர்கள் அமெரிக்கன் ஃபுட்போல் பழகிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் பயிற்சியாளர் இவர் அடித்ததைப் பார்த்துவிட்டு வேலியடிக்கு வந்து, தங்களுடைய முட்டை வடிவப் பந்தை ஒருதரம் உதைத்துக் காட்டும்படி இவரைக் கேட்டார். அந்த விளையாட்டில் குறுக்குக் கம்பத்துக்கு மேலால், இரண்டு உயரக் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் புள்ளி. அதற்கென்றே தனியாக ஓர் ஆளை வைத்திருப்பார்களாம். அடுத்த கிழமையே இவர் அந்த ஆள் ஆகிவிட்டார்.

முதல் ஆட்டத்துக்கு, தின்ன ரோல்ஸ் கட்டிக்கொண்டு எங்கள் ஆட்கள் எல்லாரும் போனோம். இவர் உதைத்தார். பந்து மேலால் போனது. நாங்கள் அத்தனை பேரும் தலையில் கைவைத்து "ச்சே" என்றோம். சுற்றியிருந்த இத்தாலியர்கள் துள்ளிக் குதித்தார்கள். பக்கத்தில் இருந்த சிஞ்ஞோரா ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சியபோதுதான் எனக்கு விளங்கியது.

கோடையில் கால் வைக்க இடமில்லாத மொண்டெல்லோக் கடற்கரை மாரியில் வெறிச்சோடிக் கிடக்கும். இவர் அங்கே பழகுவார். பந்து விழாமல் நுனியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு மண்ணில் முழங்காலில் இருப்பது என் வேலை. விரல் முறிந்தால் பிறகு வீட்டுச் சமையலும் உங்கள் தலையில்தான் என்று முதல் நாளே சொல்லி வைத்தேன். மழையிலும் காற்றிலும் உதைத்தார். என் நகத்தில் ஒரு கீறல் விழவில்லை. அப்படி ஒரு கால்! இவரைப் பகிடி பண்ணினவர்களை எல்லாம் கூட்டிவந்து காட்டவேணும் போல இருக்கும்.

பிறகு வடக்கிலிருந்து, சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருக்கும் ஒரு குழுவின் பயிற்சியாளர் இவரைப் பார்க்க வந்தார். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் அது. இவருக்கோ காதோரம் நரைக்கத் தொடங்கிய வயது. இதை விட்டால் இனி ஒருவரும் தேடி வரப்போவதில்லை, கடைசிவரை குசினிதான்.

முதல் உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஆட்டம் முடியப்போகிற நேரம் இரண்டு புள்ளியால் பின்னால் நின்றோம். இவர் உதைத்து ஏற்றினால் மூன்று புள்ளி, வெற்றி. இவர் ஆயத்தமாகி நிற்க, எதிர்க்குழு ஆட்டத்தை நிறுத்தியது. உதைக்கிறவனைக் காக்க வைத்து மனதைக் குழப்புவது அந்த விளையாட்டில் வழக்கமாம். மறுபடியும் நிறுத்தினார்கள். இவர் தண்ணீருக்கு வேலியடிக்கு வந்தார். போத்தலை நீட்டினேன்.

"என்னை நிக்க வைச்சு வெருட்டப் பாக்கினம்," என்றார். "விசாப் பெர்மெஸ்ஸோவுக்காகக் குவெஸ்தூராப் பொலிஸ் வாசலிலை விடியவிடிய நிண்ட ஆளை."

சிரித்துக்கொண்டே போத்தலைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

எங்கள் ஆட்கள் எல்லாரும் எழும்பி நின்று "மேலாலை, மேலாலை" என்று முணுமுணுத்தார்கள். செபமாலையில் மன்றாடுகிற குரல் அது. பந்து மேலால் போனது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு குழறி அழுதேன்.

இப்போது அந்த வடக்குக் குழுவில் உதைப்பதுதான் இவருக்குத் தொழில். போன ஆவணியில் மாதா திருநாளுக்கு லீவில் வந்தவரை, பங்கு ஆட்டத்தில் மறுபடியும் இறக்கினார்கள். பெனல்டி கிடைத்தது. இவரிடமே கொடுத்தார்கள். பந்து பழையபடி கம்பத்துக்கு மேலால், மதிலுக்கும் மேலால் போனது. தோற்றோம். ஒருவரும் ஏசவில்லை. எல்லாரும் எழும்பி நின்று கைதட்டினார்கள்.