முதல் கைதட்டு

நீங்கள் கடைசியாக எதற்குக் கைதட்டினீர்கள்? யோசித்துத் தட்டினீர்களா, இல்லை பக்கத்தில் ஒருவர் தட்டினார் என்று தட்டினீர்களா?

பக்கத்தில் தட்டிய அந்த ஒருவர் கமலநாதனாக இருந்திருக்கலாம். பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகத்துக்கு மேல்மாடியில் ஞாயிறுதோறும் ‘பத்தாண்டு வெற்றி பத்தே மாதத்தில்’ என்றொரு வகுப்பு நடக்கிறது. அங்கே அவருக்கு அதுதான் வேலை. நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். மேடையில் வகுப்பு நடத்தும் கோச் சரண் குரலை உயர்த்தி நிறுத்தியதும் முதல் கை அவருடையது. மற்றக் கைகள் பின்னால் வரும். மழை பிடிப்பதுபோல முதலில் நாலு துளி, பிறகு கொட்டும்.

அந்தக் கோட்டுக்குள் போவதற்கு முன் அவர் கிள்ளானில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். இளவயதில் சேர்ந்து அங்கேயே நரைத்தவர். புதிதாக வருகிறவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பது அவர் பொறுப்பு. அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்களில் மூன்று பேர் அவருக்கே மேலதிகாரிகளாகிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் மேனேஜர் ராதாகிருஷ்ணன் தோளில் கைபோட்டு, “அடுத்த தடவ உனக்குத்தான் கமல், கொஞ்சம் பொறு லா” என்பார். மூன்றாமவன் கிஷன். ‘அண்ணே, அண்ணே’ என்று பின்னாலேயே சுற்றியவன், பெரிய நாற்காலியில் உட்கார்ந்த மறுநாள், “கமல், ரிப்போர்ட் எங்க?” என்றான்.

இதை அநியாயம் என்று கேட்க அங்கே ஒரு நாதி இல்லை. இருந்த தொழிற்சங்கம் ஆண்டுக்கொரு முறை விருந்து வைத்ததோடு சரி. நேர்வழியில் நிற்பவனுக்கு ஏணியை ஒளித்துவைக்கிற ஊர், குறுக்குவழி விற்பவனுக்கு மட்டும் தாராளமாக மண்டபம் வாடகைக்குக் கொடுக்கிறது. கமலநாதனும் அந்த மண்டபத்துக்குப் போனார். முட்டாள்தனத்தால் போகவில்லை. காத்திருந்து சலித்துப் போய்ப் போனார்.

கோச் சரண் காட்டிய வழிகள் எவரும் காட்டாதவை. காலையில் கண்ணாடியைப் பார்த்து, ‘முதலாளி, வணக்கம்’ என்று தனக்குத்தானே சொல்ல வேண்டும். வேண்டியதைத் தாளில் எழுதித் தலையணைக்கடியில் வைத்தால் பிரபஞ்சம் பதில் தரும்.

“பிரபஞ்சத்துக்குக் கிள்ளான்ல கிளை ஆபீஸ் இருக்கா?” என்று கேட்டாள் குமுதா. கமலநாதனின் மனைவி, பாலர்பள்ளியில் ஆசிரியை.

எல்லாவற்றிலும் பெரிய வழி கயிறறுப்பு. வேலை பார்க்கும் இடத்துக்கு மேடையிலிருந்தே போன் போட்டு, ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்க, வேலையை விட வேண்டும். “கட்டிப்போட்ட மாடு கயிறு எட்டுற தூரந்தான் மேயும்! அறுத்துட்டு ஓடுங்க!” என்பார் கோச்.

கமலநாதன் மேடையேறினார். ராதாகிருஷ்ணனின் எண்ணை அழுத்தப்போன விரல் ஒரு கணம் நின்றது. அப்போது மூன்றாம் வரிசையில் யாரோ தட்டினார். மண்டபமே தட்டியது. விரல் இறங்கிவிட்டது.

“ஹலோ, கமல்தானே? பேத்தி பொறந்தநாள்ப்பா, கேக் வெட்டிக்கிட்டு இருக்கோம். நாளைக்குப் பேசலாமா?”

“இல்ல பாஸ், இப்பவே. நான் வேலைய விட்டு நிக்கிறேன்.”

“என்னய்யா, குடிச்சிருக்கியா?”

கூட்டம் சிரித்தது. சிரித்தபடியே எழுந்து நின்று கைதட்டியது. கமலநாதனுக்கு அதுவரை யாரும் கைதட்டியதில்லை. கல்யாணத்தில்கூட மேளம்தான் தட்டினார்கள். கண் கலங்கிவிட்டது.

அன்று மாலையே வகுப்புக்காரர்கள் அதன் வீடியோவை இணையத்தில் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை புத்தி தெளிந்து தொழிற்சாலைக்குப் போனவரை ராதாகிருஷ்ணன் கேட்டிலேயே நிறுத்தினார். “பெரிய பாஸ் பார்த்துட்டாருப்பா. ஊரே பார்த்துருச்சு. நான் என்ன செய்ய?”

பிறகு அவர் ஏறி இறங்கிய ஒவ்வொரு கம்பெனியிலும் யாராவது ஒருவர் அதைப் பார்த்திருந்தார். “அங்கிள், எங்களையும் இப்படி ஸ்பீக்கர்ல போட்டுருவீங்களா?” என்று ஓர் ஆபீஸில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

“கயிற அறுத்த மாட்ட மொதல்ல யாரு பிடிப்பான்னு உங்க கோச் சொன்னாரா?” என்றாள் குமுதா.

“யாரு?”

“கசாப்புக்காரன்.”

அப்படியே நடந்தது. “நீங்கதாண்ணே நம்ம சாட்சி. உங்க கதையே உங்க தொழில்” என்று கோச் நீலக் கோட்டை மாட்டிவிட்டார். அதற்கு முன் அதைப் போட்டிருந்தவர்தான் மூன்றாம் வரிசையில் முதலில் தட்டியவர் என்பது கமலநாதனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மற்ற நேரமெல்லாம் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ‘சொந்தத் தொழில் முதலாளி’. ஈப்போவில் கிளை திறந்தால் பொறுப்பு அவருக்குத்தான் என்று ஒரு வாக்கு. எப்போது என்று கேட்டால், “கொஞ்சம் பொறுங்கண்ணே.” அந்தச் சொல்லை எங்கே கேட்டோம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை தேநீர் இடைவேளையில் ஒரு பெண் அவரிடம் வந்தாள். பெயர் ஜெயமாலா. சுங்கை பூலோவில் ஒரு கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை. கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகும் மகள் மட்டும்.

“அண்ணே, அந்த வீடியோவுல நீங்கதானே?”

“ஆமாம்மா.”

“அடுத்து என்னைக் கூப்பிடுறாங்க. டாக்டர் கெட்டவரு இல்லண்ணே, சம்பளந்தான் ஏத்த மாட்டேங்கிறாரு. விட்டா நெசமாவே நல்லா வரலாமா? உங்களுக்கு வந்துச்சா?”

தேநீர்ப் பானைக்குப் பக்கத்தில் கோச் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாடிப்படிக்குக் கீழே கமலநாதனின் டெலிவரிப் பை இருந்தது. அவளைக் கூட்டிப்போய் அதைக் காட்டினால் போதும். வாய் திறக்கக்கூட வேண்டாம். பத்துப் படிதான்.

“வந்துச்சும்மா” என்றார்.

அவள் மேடையேறினாள். போனை எடுத்தாள். கட்டைவிரல் நின்றது. கண்கள் மூன்றாம் வரிசையைத் தேடின. இப்போது யாரும் தட்டாவிட்டால் இவள் இறங்கிவிடுவாள், நாளைக் காலை கிளினிக்கைத் திறக்கப் போவாள், மகளுக்குச் சோறு கிடைக்கும். இது அந்தக் கூட்டத்தில் கமலநாதனுக்கு மட்டும்தான் தெரியும். தட்டாமல் இருந்தால் கோட்டு போய்விடும் என்பதும் தெரியும். கோட்டு போனால் போகட்டும். தன் வாழ்நாளில் தனக்குக் கிடைத்த ஒரே கைதட்டும் பொய்யென்று ஆகிவிடுமே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

முதல் கை விழுந்தது. மழை கொட்டியது. ஸ்பீக்கரில் மணி அடித்தது. “ஹலோ, என்ன மாலா, லீவு வேணுமா?” என்றது டாக்டரின் குரல்.

வகுப்பு முடிந்ததும் கமலநாதன் கோட்டைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போன் அழைத்தது. நாசி லெமாக் சோறு, இரண்டு பொட்டலம். மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

வரும் ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு உண்டு. மேடையில் ஒருவர் போனைப் பிடித்தபடி கீழே பார்ப்பார். நீலக் கோட்டுக்காரர் தட்டுவார். அவரை நம்பிப் பயனில்லை. நீங்கள் அங்கே இருந்தால், இல்லை, அப்படிப்பட்ட எந்த மண்டபத்தில் இருந்தாலும், தட்டாதீர்கள். எழுந்து நில்லுங்கள். “போனை வைம்மா, இறங்கி வா” என்று அந்தக் கைதட்டலுக்கும் மேலே கேட்கும்படி சொல்லுங்கள்.