கண்மாய் நடுவே ஒரு திட்டு

பறவைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்த ஊர் என்று எங்கள் ஊருக்குச் சில காலம் நல்ல பெயர் இருந்தது. திண்டுக்கல்லிலிருந்து வேன் பிடித்து வந்து கல்லூரிப் பிள்ளைகள் படமெடுத்துப் போனார்கள். இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் நான் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறேன். மாடு வேண்டாமென்றாலும் காட்டுகிறேன்.

ஊர் சாணார்பட்டிக்குக் கிழக்கே இருக்கிறது. பெயர் வேண்டாம். நான் இங்கே வாக்கப்பட்டு வந்தவள். பஞ்சு மில்லில் வேலை பார்த்தேன், மில்லை மூடிய பிறகு நூறு நாள் வேலைக்குப் போனேன். அந்த வருடம் எங்களுக்குக் கண்மாய் வேலை கொடுத்தார்கள். கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேல் அடைத்துக் கிடந்தது. அதை வெட்டி எடுத்து, தூர் அள்ளி, மண்ணைக் கரையில் கொட்ட வேண்டும். என்னோடு என் ஓரகத்தியும், அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவியும், வேலைக்கு வந்தாள். அவள்தான் முதலில் கேட்டாள்.

“இம்புட்டு முள்ளையும் வெட்டிப்புட்டா, இதுல அடையிற கொக்கெல்லாம் எங்குட்டுப் போகும்?”

எங்கள் கூட்டத்தில் கேள்வி கேட்பது பொழுதுபோக்கு. பதில் சொல்வது யாருடைய வேலையும் இல்லை. ஆனால் அன்று கரைமேல் நின்றிருந்த ஊர் நாட்டாமை அதைக் காதில் வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, அள்ளுகிற மண்ணில் பாதியைக் கண்மாய் நடுவே குவித்துத் திட்டாக்குவோம், அதில் நாட்டுக் கருவேல மரம் வைப்போம் என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. எங்கள் ஊரில் மூன்று பேர் சேர்ந்தால் டீக்கடையில் எந்த பெஞ்சில் உட்காருவது என்பதற்கே சண்டை வரும்.

அந்த ஊர் ஒன்றுசேர்ந்தது. எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நாங்கள் மண் சுமந்தோம். ஆடு வைத்திருப்பவர்கள் ஆட்டை மறுகரைக்கு ஓட்டினார்கள். வெட்டிய முள்ளை வைத்து ஆண்கள் கன்றுகளுக்கு அடைப்பு கட்டினார்கள். முதல் இரண்டு கோடையும் கண்மாய் வறண்டு கிடந்தபோது, பக்கத்துத் தோட்டக்காரர் மோட்டார் போட்டுவிட, நாங்கள் குடத்தில் தண்ணீர் எடுத்துப் போய் ஊற்றினோம். வெடித்த களிமண்ணில் கால் சிக்கி என் ஓரகத்தி குடத்தோடு விழுந்தாள். எழுந்ததும் முதலில் கன்றைத்தான் பார்த்தாள், அப்புறம்தான் முழங்காலை.

மில்லில் நான் ஓட்டிய நூல் எந்த ஊருக்குப் போனது, எவன் சட்டையானது என்று எனக்குத் தெரியாது. இந்த மரங்கள் என் கண்முன்னே நின்றன. எங்கள் வீடு கரையை ஒட்டித்தான் இருக்கிறது. காலையில் வாசல் தெளிக்கும்போதே திட்டு தெரியும். என் கையால் ஆன காரியம் என்று இந்த உலகத்தில் காட்டுவதற்கு எனக்கு இருந்தது அது ஒன்றுதான். மரங்கள் தலைக்கு மேல் வளர்ந்த பிறகு எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அதில் ஒரு கூட்டிலிருந்து ஒரு குஞ்சு பறந்து போவதைப் பார்த்துவிட வேண்டும்.

பறவைகள் வந்த வருடம் மழை தள்ளிப்போய்ப் பெய்தது. அதனால் கூடு கட்டுவதும் தள்ளிப்போனது. தை கழிந்துதான் கொக்குகள் குச்சி சுமக்க ஆரம்பித்தன. பின்னாலேயே நீர்க்காகங்கள் வந்தன. மரமெல்லாம் எச்சத்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆனது. காற்று எங்கள் பக்கம் அடித்தால் கவிச்சி தாங்காது. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. வழக்கமாகப் பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனைக்கே மூக்கைச் சுளிக்கிற ஊர் இது. கோயில் திருவிழாவுக்கு வெடி போடாமல், மைக் செட்டையும் வேறு பக்கம் திருப்பி வைத்தார்கள். பங்குனிக் கடைசியில் குஞ்சுகளின் சத்தம் கேட்கத் தொடங்கியது.

அந்த நேரத்தில்தான் மீன்பிடித் திருவிழாவுக்கு நாள் வந்தது. எங்கள் பக்கத்தில் கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஒரு நாள் குறிப்பார்கள். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள். அன்று நாட்டாமை கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், சாதி பாராமல் எல்லோரும் இறங்கி அகப்பட்ட மீனைப் பிடித்துக்கொள்ளலாம். விற்கக் கூடாது. வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும். அப்படிச் செய்தால் அடுத்த மழை தப்பாது என்பது நம்பிக்கை. நாள் குறித்தபோது குஞ்சு பொரிக்கவே இல்லை. பொரித்த பிறகு நான் கோயில் முன்னால் கூட்டம் நடந்த இடத்துக்குப் போய் நாட்டாமையிடம் கேட்டேன்.

“மாமா, குஞ்சுக இன்னும் பறக்கல. ஒரு மாசம் தள்ளி வச்சா என்னா?”

“ஏத்தா, சாமிகிட்டப் பூக் கேட்டு வச்ச நாளு. அம்புட்டு ஊருக்கும் சொல்லியாச்சு. மாத்திப்புட்டு, நாளைக்கு மழை பேயலன்னா என்னையத்தான கேப்பாக?”

“மழை பேயிற வரைக்கும் அதுக உசுரோட இருக்கணுமில்ல?”

அவருக்குச் சுருக்கென்றது. அவரும் அந்தக் கன்றுகளுக்குக் குடம் சுமந்தவர்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

“திட்டைச் சுத்தி வேலி போட்டுருவோம்த்தா. ஒருத்தன் கால் வைக்க மாட்டான். நான் பொறுப்பு.”

வேலிக்கு வீட்டுக்கு ஒரு சேலை என்று முடிவானது. மறுநாளே சேலைகள் வந்து குவிந்தன. என் ஓரகத்தி பெட்டியில் மடித்து வைத்திருந்த சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். கிழிந்தது ஏதாவது கொடுக்கலாமே என்றேன். “பிள்ளை பெத்தவளுக மறைப்புக்குக் கிழிஞ்சதையா கட்டுவாக?” என்று கேட்டாள். திட்டைச் சுற்றிக் கம்பு நட்டு, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சேலைகளை இழுத்துக் கட்டினோம். கட்டி முடித்துக் கரையில் நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. குஞ்சுகளைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

திருவிழா அன்று விடியும்போதே கரை தெரியாத கூட்டம். ஊத்தா என்கிற மூங்கில் கூடை, வலை, கொசுவலை என்று கையில் கிடைத்ததோடும், ஒன்றும் கிடைக்காதவர்கள் வேட்டியோடும் வந்திருந்தார்கள். நாட்டாமை முதலில் சேலை வேலியைக் காட்டி, அதைத் தாண்டுகிறவன் சாமி குத்தத்துக்கு ஆளாவான் என்று சொன்னார். பிறகு துண்டை வீசினார். கண்மாய் ஒரேயடியாகக் கலங்கியது. அந்த இரைச்சலில் பறவைகள் மொத்தமாகக் கிளம்பி மேலே சுற்றின. நான் வேலியின் பக்கம் காவல் நின்றேன். குடித்துவிட்டு வந்தவன்கூடச் சேலையைக் கண்டதும் ஒதுங்கிப் போனான். ஒரு கம்பு சாயவில்லை. ஒரு முடிச்சு அவிழவில்லை.

மதியத்துக்கு முன்பே எல்லாம் முடிந்தது. ஊர் முழுக்க மீன்குழம்பு கொதித்தது. என் கணவருக்கு நல்ல விரால்கள் கிடைத்திருந்தன. பெரியதைக் குழம்புக்குக் கொடுத்துவிட்டு, மற்றதை உயிரோடு தொட்டியில் விட்டார். நான் மசாலா அரைத்தேன். நாட்டாமை அந்த வழியாகப் போனவர் வாசலில் நின்று, “சொன்னேன்ல?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். குழம்பு நன்றாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாயங்காலம் பறவைகள் திரும்பின. மறுநாள் காலையில் அவை கண்மாயில் இறங்கி நின்றதைப் பார்த்தேன். தண்ணீர் வெறும் சேறாகக் கிடந்தது. கொக்குகள் நடந்தன, நின்றன, குனிந்தன, நிமிர்ந்தன. ஒன்றின் வாயிலும் ஒன்றும் இல்லை. சுற்றிலும் வயல்கள் அறுத்துக் காய்ந்து கிடந்தன. தூரமாகப் பறந்து போய்விட்டு நேரம் கழித்து வந்தன. சில வரவே இல்லை. குஞ்சுகள் கத்தியது வீட்டுக்குள் உட்கார்ந்தாலும் கேட்டது. அடுப்படியில் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்டது.

“அதுக சோத்துல நாமளே மண்ணள்ளிப் போட்டுட்டோம்டி,” என்று என் ஓரகத்தி வாசலில் வந்து நின்று சொன்னாள். அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. இத்தனை பேர் கூடி இத்தனை யோசித்தோம். மரத்தைப் பற்றி யோசித்தோம், கூட்டைப் பற்றி யோசித்தோம், சேலையின் நிறத்தைப் பற்றிக்கூடப் பேசினோம். குஞ்சுகள் என்ன சாப்பிடும் என்று ஒரு வாய் கேட்கவில்லை. குழம்பு வைக்கிற நானே கேட்கவில்லை.

பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் வீடு வீடாகப் போனோம். உயிரோடு மீன் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டோம். என் கணவர், “கண் கெட்ட பெறகு சூரிய நமஸ்காரமா?” என்றார். சொல்லிவிட்டுத் தொட்டியிலிருந்த விராலை அவரே பிடித்துப் போட்டார். ஊரில் ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை. தொட்டியிலும் கிணற்றிலும் விட்டு வைத்திருந்ததையெல்லாம் கொடுத்தார்கள். திட்டை ஒட்டிக் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்த பள்ளத்தில் கொண்டுபோய் விட்டோம். விரால் என்ன செய்யும்? அதன் புத்தி அதற்கு. விட்ட கையோடு சேற்றுக்குள் புதைந்துகொண்டது. கொக்குகள் பள்ளத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் பறந்து போயின.

நாட்டாமை வண்டியை எடுத்துக்கொண்டு ஆத்தூர் அணைப் பக்கம் போனார். மீன் பிடிக்கிறவர்களிடம் கெஞ்சி, ஒரு கேன் நிறையப் பொடிமீனை உயிரோடு வாங்கி வந்தார். சித்திரை வெயிலில் வந்து சேருவதற்குள் எல்லாம் செத்து மிதந்தன. வேறு வழி தெரியாமல் அதையும் பள்ளத்தின் ஓரத்தில் இறைத்தோம். கொக்குகள் தொடவில்லை. காக்கைகள் வந்தன. மீனைத் தின்றுவிட்டுத் திட்டுக்குப் போயின. நான் கல்லை விட்டெறிந்தேன், கத்தினேன், அழுதேன். காக்கைக்கு யாரைத் தெரியும்?

அதற்குப் பிறகு சத்தம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. சத்தம் கேட்டபோது தூங்க முடியவில்லை என்று நினைத்தேன். குறைந்த பிறகு அதைவிட மோசமாக இருந்தது.

சேலைகளை அவிழ்க்க நாட்டாமை வந்தபோது நானும் கூடப் போனேன். மரத்தடியில் கிடந்தவற்றைப் பார்க்காமல் முடிச்சுகளை மட்டும் பார்த்து அவிழ்த்துக்கொண்டிருந்தோம். தாழ்வான ஒரு கிளையில், கூட்டில் ஒரே ஒரு குஞ்சு உயிரோடு இருந்தது. கழுத்தைத் தூக்க முடியாமல் கிளையில் சாய்த்து வைத்திருந்தது. அப்போது பெரிய கொக்கு ஒன்று வந்து அதன் பக்கத்தில் இறங்கியது. குஞ்சுக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, எழுந்து இறக்கையை உதறிக்கொண்டு வாயைப் பிளந்தது. கொக்கின் அலகில் காய்ந்த குச்சி ஒன்று இருந்தது. கூடு கட்டிய நாளில் அது சுமந்து வந்த மாதிரிக் குச்சிதான். பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு வர அதற்கும் மனம் வரவில்லை போல.

குஞ்சு அந்தக் குச்சியைக் கவ்வி இழுத்தது. விழுங்கப் பார்த்தது. தொண்டையில் இடறியது. வெளியே தள்ளிவிட்டு மறுபடியும் விழுங்கப் பார்த்தது. கொக்கு அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

நாட்டாமை சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அடுத்த முடிச்சை அவிழ்த்தேன்.