இடப்பக்கத்து இரண்டாவது பல்

என் தங்கை வீட்டுக்காரரைப் பற்றி யாரைக் கேட்டாலும் "தங்கமான மனுஷன்" என்பார்கள். தங்கம்தான், யார் இல்லை என்றது? அந்தத் தங்கத்தோடு ஒரு நாள் பேசிப் பார்த்தால் தெரியும். "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்றால் "ம்" என்பார். அந்த "ம்" சாப்பிட்டதற்கா, சாப்பிடாததற்கா, கேள்வி காதில் விழுந்ததற்கா என்று நான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். எனக்கோ கோபம் மூக்குக்கு மேல் நிற்கும்.

அவர் பல் செட் செய்பவர். நான் வேலை பார்க்கும் அதே பல் ஆஸ்பத்திரியில்தான். முன்னறையில் வரவேற்பு மேஜை எனக்கு. கைகழுவும் இடத்தைத் தாண்டிப் பின்னால், ஒற்றை ஜன்னல் வைத்த சின்ன அறை அவருக்கு. டாக்டரம்மா நோயாளியின் வாயில் அளவு எடுத்துக் கொடுப்பார். மாப்பிள்ளை அதில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்து, ரோஸ் நிற மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மாட்டிப் பார்க்க அனுப்புவார். நோயாளி அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் சிரித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் கெட்டியாக வார்ப்பது. இருபது வருஷமாக இதுதான் வேலை. இத்தனை பேருக்குச் சிரிப்பு செய்துகொடுத்த மனிதர் அதில் ஒன்றைக்கூட முகத்தில் பார்த்ததில்லை. அவர் பார்ப்பதெல்லாம் பிளாஸ்டர் தாடைதான். "நீங்களும் வந்து பாருங்களேன்" என்றால், "எதுக்குக்கா? குறை இருந்தா தானே திரும்பி வரும்" என்பார்.

போன மாதம் வரை, பேஷண்ட் இருக்கும்போது அவர் முன்னறைக்கு வந்தது ஒரே ஒரு தடவை. அது என் தங்கைக்காக.

தங்கைக்கு இடப்பக்கம் தெத்துப்பல். முன்பல்லுக்கு அடுத்த பல், அதன் தோளில் கை போட்டது மாதிரி கொஞ்சம் மேலேறி நிற்கும். சின்ன வயதில் அவளுக்குத் "தெத்து" என்று பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். விளையாட்டாகத்தான் வைத்தேன். தெரு முழுக்கப் பிடித்துக்கொண்டது. பத்து வயதிலேயே அவள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டாள். என் நாக்கில் சனி. இதை நான் யாரிடமும் மறைப்பதில்லை. பெரியவளான பிறகு, கம்பி போட்டுப் பல்லை நேராக்கிவிடலாம் என்று டாக்டரம்மாவிடம் அவளை இழுத்து வந்ததும் நான்தான். அளவு எடுத்தாயிற்று, அச்சு பின்னறைக்குப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் முழங்கை வரை பிளாஸ்டரோடு இந்த மனிதர் முன்னறையில் வந்து நிற்கிறார்.

"இந்த அச்சு யாரோடது?"

தங்கை வாயை மூடிக்கொண்டே, "என்னோடதுதான்" என்றாள்.

"இதச் சரி பண்ணிடாதீங்க" என்றார். அவ்வளவுதான். காது வரை சிவந்துபோய்த் திரும்பி நடந்துவிட்டார். "என் பொழப்பக் கெடுக்கறதுக்கு நானே சம்பளம் குடுத்து ஆள் வெச்சிருக்கேன் பாரு" என்று டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வருஷம் கல்யாணம்.

பதினோரு வருஷம் வாழ்ந்தார்கள். பிள்ளை இல்லை. அதற்காக முகம் சுருங்கி நான் பார்த்ததும் இல்லை. இந்த வாய் பேசாத மனுஷன் அவளிடம் மட்டும் ஓயாமல் பேசுவார். சமையலறையிலிருந்து பேச்சும் சிரிப்புமாகக் கேட்கும், நான் உள்ளே நுழைந்தால் கப்சிப். அவர் முன்னால் மட்டும்தான் அவள் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். கேமரா என்று வந்தால் அவர் எடுத்தாலும் அதே கதைதான். கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள், ஒரு படத்தில்கூடப் பல் தெரியாது. செல்போனில் எடுத்த வீடியோவிலும் உதட்டை ஒட்டிக்கொண்டிருப்பாள், இல்லாவிட்டால் கை குறுக்கே வந்திருக்கும். அந்தப் பழைய பிளாஸ்டர் அச்சை அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார். "பல்லப் போய் யாராவது கண்ணாடிக்குள்ள வெப்பாங்களா? வர்றவங்க என்ன நெனைப்பாங்க?" என்று அவளே ஒரு நாள் அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டாள். அதற்கு இரண்டு பேரும் ஒரு வாரம் செல்லச் சண்டை போட்டார்கள்.

இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகிறது. அவள் வேலை முடிந்து வந்த வேன் ஒரு லாரியில் மோதியது. பெரிய ஆஸ்பத்திரியில் எங்கள் இரண்டு பேரையும் ஒரு நீள நடையில் பெஞ்சில் உட்காரவைத்து, "முகத்தப் பாக்க வேண்டாம், மோதிரத்த அடையாளம் சொன்னாப் போதும்" என்றார்கள். மாப்பிள்ளை உள்ளே போகத்தான் எழுந்தார். நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "வேணாம் மாப்பிள்ளை. இப்பப் பாத்தா அந்த முகந்தான் காலத்துக்கும் நிக்கும்" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். நல்லதுக்குத்தான் சொன்னேன். ஆனால் அவர் அவளைக் கடைசியாகப் பார்த்தது அன்று காலை, அவள் குனிந்து செருப்பு மாட்டும்போது. அதுவும் முதுகைத்தான்.

ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். வெளியே ஹாரன் அடித்தால் போதும், கையில் இருப்பது கீழே விழும். வண்டி எதிலும் ஏற மாட்டார், முக்கால் மணி நேரம் நடந்தே வருவார். டாக்டரம்மா சொல்லி மனநல மருத்துவரிடம் போய் வந்தார். வாரா வாரம் நான் கூடப் போய் வெளியே உட்கார்ந்திருந்தேன். மெல்ல மெல்லத் தூக்கம் திரும்பியது, நடுக்கம் குறைந்தது, ஒரு நாள் பஸ்ஸிலும் ஏறினார். ஆள் தேறிவிட்டார் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. அப்படி ஒரு ஞாயிறு, கை கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடாமல், என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"அக்கா, அவ முகம் வருது. கண்ணு வருது, நெத்தி வருது. சிரிப்பு மட்டும் வர மாட்டேங்குது."

நான் எட்டிக் குழாயை மூடினேன்.

"ஒரே ஒரு தடவ பாத்துட்டாப் போதும்க்கா. அதுக்கப்புறம் நான் எதுவும் கேக்க மாட்டேன்."

யார் தருவார்கள் அதை? சிரிப்பைத் தேடினால் ஆல்பம் முழுக்கக் கைதான். அந்தக் கையை அங்கே வைத்தவள் நான். ஆஸ்பத்திரியில் சட்டையைப் பிடித்து இழுத்தவளும் நான். அன்றைக்கு அவர் போன பிறகு, பாத்திரம் விளக்கும் சாக்கில் ஒரு பாடு அழுது தீர்த்தேன்.

அந்தச் சிரிப்பை அவரே செய்துபார்க்க முயன்றது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வேலை முடிந்ததும் உட்கார்ந்து, மெழுகில் அந்தப் பல்லை ஏற்றியும் இறக்கியும் சாய்த்தும் நட்டிருக்கிறார். பத்து செட்டோ பதினைந்து செட்டோ. பிளாஸ்டர் தாடையில் அது வெறும் பல்லாகத்தான் இருந்ததாம். சிரிப்பென்றால் உதடு வேண்டும், கன்னம் வேண்டும், அதற்கு ஓர் ஆள் வேண்டும். எல்லாவற்றையும் உருக்கிவிட்டு, பற்களைப் பழையபடி டப்பாவில் போட்டுவிட்டார். அதோடு விட்டும்விட்டார்.

போன மாதம் ஒரு தையற்காரம்மா வந்தார். வயது அறுபது இருக்கும். ஏதோ நோய்க்குச் சாப்பிட்ட மருந்தில் மேல்பல் முழுக்கப் போய்விட்டது. வாய்ப்பேச்சு மட்டும் போகவில்லை. "நூலக் கடிக்க முடியலம்மா. கத்தரிக்கோல் எங்கேன்னு தேடியே என் பாதிப் பொழுது ஓடிடுது" என்று என் மேஜையில் சாய்ந்துகொண்டு அரை மணி நேரம் கதை சொன்னார். அளவு கொடுத்துவிட்டுப் போனார். பத்தாம் நாள் காலை மெழுகு செட் தயார். பின்னறையிலிருந்து டப்பாவை எடுத்து வந்தது நான்தான், திறந்துகூடப் பார்க்கவில்லை. டாக்டரம்மா அதை மாட்டிவிட்டு, கையில் கண்ணாடியைக் கொடுத்து, "எங்கே, சிரிங்க" என்றார்.

தையற்காரம்மா கண்ணாடியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

என் தங்கை சிரிக்கிறாள். அரை நொடிதான் இருக்கும், அதற்குள் அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பிவிட்டார்.

"என்ன இது? இடப்பக்கம் ரெண்டாவது பல்லு மேல ஏறி நிக்குதே. இவரு இப்படித் தப்புப் பண்ண மாட்டாரே" என்று டாக்டரம்மா குனிந்தார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. தங்கை வாயில் அன்றைக்கு அளவு எடுத்தவரே அவர்தானே.

நான் பின்னறைக்கு ஓடினேன். மாப்பிள்ளை கிண்ணத்தில் பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்தார்.

"முன்னால வாங்க மாப்பிள்ளை."

"ஏன்க்கா, குறையா?"

"குறைதான். வாங்க."

"டப்பாவ எடுத்துட்டு வாங்க, பாக்கறேன்."

"ஐயோ, வாழ்க்கையில ஒரு தடவையாவது சொன்ன பேச்சக் கேளுங்களேன்!" என்று கத்திவிட்டேன். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவர் கையைக்கூடத் துடைக்காமல் எழுந்து வந்தார்.

"அம்மா, இவருதான் உங்க செட்டப் பண்ணவரு. இவருக்கு ஒரு தடவ சிரிச்சுக் காட்டுங்க" என்றேன்.

"இதுக்கென்ன, சிரிக்கறதுக்குக் கசக்குதா?" என்று தையற்காரம்மா வாய் நிறையச் சிரித்தார்.

மாப்பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பண்ணலக்கா" என்றார். செய்யாத தப்புக்கு மாட்டிக்கொண்ட பிள்ளையின் குரல். "சத்தியமா வேணும்னு பண்ணல. நேராத்தான் நட்டேன். நேராத்தான் நட்டேன்னு நெனச்சேன்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணிலிருந்து கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது. அவள் போன பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டாக்டரம்மா தாழ்ந்த குரலில் தையற்காரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, யாரும் கேட்காமலே மறுபடி சிரித்தார். "நல்லாப் பாத்துக்கோங்க தம்பி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

நான் செல்போனை எடுத்தேன். மாப்பிள்ளை கையை நீட்டித் தடுத்தார்.

"வேணாம்க்கா. அது அவங்க முகம்."

என் வாய் சும்மா இருக்குமா? "அம்மா, இந்தப் பல்லு உங்களுக்கு நல்லா எடுப்பாத்தான் இருக்கு. இப்படியே இருந்துட்டுப் போகட்டுமே" என்று வெட்கம் மானம் பார்க்காமல் கேட்டுவிட்டேன். நாலு தெரு தள்ளித்தான் அவர் கடை. அந்தச் சிரிப்பு அங்கே இருக்கும், நினைத்தபோது போய்ப் பார்க்கலாம், சட்டைக்குப் பொத்தான் தைக்கிற சாக்கிலாவது. மாப்பிள்ளை என்னைத் தடுக்கவில்லை. அவரும் பதிலுக்காகத்தான் நின்றார்.

தையற்காரம்மா கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். பிறகு பையைத் துழாவி ஒரு பழைய போட்டோவை எடுத்தார். தையல் மெஷின் முன்னால் ஓர் இளம்பெண், தலையைப் பின்னால் சாய்த்து, அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கிறாள்.

"என் வீட்டுக்காரரு எடுத்ததும்மா. அவரு போயி ஆறு வருஷமாச்சு. இந்தச் சிரிப்பத்தான் அவருக்குத் தெரியும்." குரல் உடைந்தது. "உங்க தங்கச்சி சிரிப்பு அழகாத்தான் இருக்கு. ஆனா கண்ணாடியில எனக்கு என்னையப் பாக்கணும் போல இருக்கே, நான் என்ன பண்ணட்டும்?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் ஆகிவிட்டது. மாப்பிள்ளை அந்தப் போட்டோவை வாங்கி, ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டு முன்பல்லுக்கும் நடுவுல சின்னதா ஒரு சந்து இருக்கே. அளவுச் சீட்டுல யாரும் எழுதலையே" என்றார்.

"அதக் கூட வெக்க முடியுமா தம்பி?"

"வெச்சுடலாம்மா. ஒரு மணி நேரம் உக்காருங்க, இப்பவே மாத்தித் தர்றேன்."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. டாக்டரம்மா செட்டைக் கழற்றக் கையுறையைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினார்.

"ஒரு நிமிஷம் டாக்டரம்மா" என்றார் மாப்பிள்ளை. என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க பாத்துட்டீங்களா?"

இத்தனை நாளில் என்னிடம் யாரும் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. எல்லோரும் மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்பார்கள், நானும் அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எனக்கும் தங்கச்சி இல்லையா? தொட்டிலில் அவளை ஆட்டியவள் நான். அந்தப் பல் முளைத்த அன்றைக்கு அம்மாவைக் கூவி அழைத்துக் காட்டியவள் நான்.

தையற்காரம்மா எனக்காகத் திரும்பி உட்கார்ந்து, மூன்றாவது முறை சிரித்தார். நானும் கண்ணை அகல விரித்துப் பார்த்தேன். கண் முழுக்கத் தண்ணீர். துடைக்கத் துடைக்க நிரம்பியது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பார்க்கவில்லை என்று சொன்னால் அவர் சாயங்காலம் வரைக்கும் அந்த அம்மாவைக் காக்க வைப்பார், அது எனக்குத் தெரியும்.

"பாத்துட்டேன் மாப்பிள்ளை" என்றேன். "கழட்டச் சொல்லுங்க."